கல்லால் கட்டிய தேவாலயம் எப்படி எரிந்தது? நோத்ர தாம், தொடக்கநிலை வாசகர்களுக்கு

2019 ஏப்ரல் 15 மாலை பாரீஸில் நோத்ர தாம் பேராலயம் எரிந்ததை உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று, “முழுக்கக் கல்லால் கட்டினதுதானே, அது எப்படிப் பற்றி எரியும்?” என்ற கேள்வி. இன்னொன்று, “850 வருஷத்துத் தேவாலயம் சாம்பலாகிவிட்டது, இப்போது நிற்பது புதுசு” என்ற தீர்ப்பு.

கேள்வி நல்ல கேள்வி. தீர்ப்புதான் தவறு. பேராலயத்தின் சுவர்கள், தூண்கள், முன்பக்கக் கோபுரங்கள், மூன்று பெரிய வட்ட ஜன்னல்கள், உள்ளே அண்ணாந்து பார்த்தால் தெரியும் கல் கூரையின் பெரும்பகுதி எல்லாம் தீயிலிருந்து தப்பி நின்றன. எரிந்தது எது, தப்பியது எது, ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் இந்தக் கட்டடம் எப்படி நிற்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். கணக்கோ பொறியியலோ தேவையில்லை. பொறுமையாகப் படித்தால் போதும்.

யார் கட்டினார்கள், எப்போது

பாரீஸின் நடுவே ஓடும் செய்ன் ஆற்றில் ஒரு தீவு இருக்கிறது. பேர் இல் து லா சித்தே. நோத்ர தாம் நிற்பது அங்கேதான். மொரீஸ் து சுல்லி என்பவர் 1160-ல் பாரீஸின் ஆயர், அதாவது பிஷப் ஆனார். எளிய குடும்பத்திலிருந்து வந்தவர். அங்கே ஏற்கெனவே இருந்த பழைய பேராலயத்தை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்று கட்ட முடிவு செய்தார். 1163-ல் வேலை தொடங்கியது.

முதலில் எழும்பியது கிழக்குப் பக்கம், அதாவது பீடம் இருக்கும் பகுதி. அது முடிந்தால் வழிபாட்டைத் தொடங்கிவிடலாம், மீதியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்து வழக்கம். 1182-ல் முதன்மைப் பீடம் அர்ச்சிக்கப்பட்டது. அப்புறம் மக்கள் கூடும் நடுக்கூடம் மேற்கு நோக்கி வளர்ந்தது. முன்பக்க முகப்பும் இரட்டைக் கோபுரங்களும் 1250 வாக்கில் முடிந்தன. சின்னச் சின்ன வேலைகள் 1345 வரை நீண்டன. கிட்டத்தட்ட 180 வருஷம். மொரீஸ் 1196-லேயே இறந்துவிட்டார். முகப்பை அவர் பார்க்கவே இல்லை.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். நீளம் சுமார் 128 மீட்டர். முன்பக்கக் கோபுரங்கள் 69 மீட்டர். உள்ளே தரையிலிருந்து கல் கூரை வரை ஏறக்குறைய 33 மீட்டர், அதாவது பத்து மாடி உயரம். நடுவில் ஒரு தளம்கூடக் கிடையாது. சிமென்ட் இல்லை, கான்கிரீட் இல்லை. பாரீஸைச் சுற்றியே வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கல், சுண்ணாம்புச் சாந்து, மரம், கொஞ்சம் இரும்பு. இவ்வளவையும் வைத்துப் பத்து மாடி உயரத்தில் கல்லால் கூரை போட்டிருக்கிறார்கள். அந்தக் கூரை கீழே விழாமல் நிற்பதுதான் விஷயம்.

கல்லின் குணம்

கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். வளைத்தால் தாங்காது. இரண்டு தூண்கள் மேல் நீளமான கல் ஒன்றைப் படுக்கப் போட்டால், தன் எடையிலேயே அது நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது அதன் அடிப்பாகம் இழுபடும். இழுபட்டால் கல் விரிந்துவிடும். அதனால் தூண்களை நெருக்கமாக நட வேண்டியிருக்கும். 12 மீட்டர் அகலத்துக்கு ஒரே கல்லைப் படுக்கப் போடுவது நடக்காத காரியம்.

இதற்கு ரோமானியர் காலத்திலிருந்தே இருந்த பதில் வளைவு. ஆர்ச் என்கிறோமே, அதுதான். சின்னச் சின்னக் கற்களை வளைவாக அடுக்கினால் ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லை அழுத்தும். எந்தக் கல்லும் இழுபடாது. கல்லுக்குத் தோதான வேலை மட்டுமே அதற்குக் கிடைக்கிறது. ஆனால் இந்த வசதி சும்மா கிடைப்பதில்லை. வளைவு எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, இரண்டு ஓரங்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளவும் செய்யும். இந்தப் பக்கவாட்டுத் தள்ளலை இந்தக் கட்டுரையில் ‘உதைப்பு’ என்று சொல்கிறேன். நோத்ர தாமில் கண்ணுக்குத் தெரியும் பாதிச் சங்கதிகள் இந்த உதைப்பைச் சமாளிக்க வந்தவை.

உதைப்பு என்றால் என்ன: இரண்டு பேர் சாய்ந்து நின்று பாருங்கள்

வீட்டில் இன்னொருவரோடு செய்து பார்க்கலாம். இருவரும் எதிரெதிரே நின்று, கைகளை நீட்டி உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது இருவரும் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வையுங்கள். ஒருவர் எடையை ஒருவர் தாங்கிச் சாய்ந்து நிற்பீர்கள். இதுதான் வளைவு.

மழமழப்பான தரையாக இருந்தால் உடனே ஒன்று தெரியும். கால் பின்னுக்கு வழுக்கும். அந்த வழுக்கல்தான் உதைப்பு. காலை எவ்வளவு தள்ளி வைத்துப் படுத்தாற்போலச் சாய்கிறீர்களோ, அவ்வளவுக்கு வழுக்கும். கிட்டே வைத்து நிமிர்ந்து நின்றால் குறைவாக வழுக்கும். வழுக்காமல் இருக்க என்ன செய்யலாம்? உங்கள் குதிகாலுக்குப் பின்னால் ஒருவர் தன் காலை ஊன்றி முட்டுக் கொடுத்தால் போதும்.

இந்தச் சாய்தலை மறக்காதீர்கள். மீதிக் கட்டுரை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

நோத்ர தாமுக்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்களில் வளைவுகள் அரைவட்டமாக இருந்தன. உதைப்பு அதிகம். அதைத் தாங்க அவர்கள் பெரும்பாலும் நம்பியது சுவரின் தடிமனை. சுவர் தடிமனாக இருந்ததால் பெரிய ஜன்னல் வைக்க முடியவில்லை. உள்ளே இருட்டு. கோத்திக் என்று நாம் சொல்லும் பாணி 12ஆம் நூற்றாண்டில் பாரீஸ் வட்டாரத்தில்தான் உருவானது. இந்தத் தடிமன் சுவரிலிருந்து தப்பிக்கும் வழியாகத்தான் அது வளர்ந்தது. நான் பார்த்தவரையில் பலரும் கோத்திக்கை வெறும் அலங்காரப் பாணியாக நினைக்கிறார்கள். அலங்காரம் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. அடியில் இருப்பது உதைப்பை எங்கே அனுப்புவது என்ற கேள்வி.

கூர் வளைவு

முதல் வழி, வளைவின் உச்சியைக் கூராக்குவது. அதே அகலத்துக்கு அரைவட்டத்தைவிடக் கூர் வளைவு உயரமாக எழும்பும், பக்கங்கள் நிமிர்ந்திருக்கும். சாய்ந்து நின்ற இருவர் காலைக் கிட்டே கொண்டு வந்தது போலத்தான். உதைப்பு குறையும். இல்லாமல் போகாது, குறையும்.

இன்னொரு லாபமும் உண்டு. அரைவட்ட வளைவில் அகலத்தை முடிவு செய்தால் உயரமும் முடிவாகிவிடும். கூர் வளைவில் அப்படியில்லை. அகலமான இடமானாலும் குறுகலான இடமானாலும் உச்சியை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். கொத்தனாருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, கூரையின் குறுக்கேயும் நெடுக்கேயும் மூலைவிட்டமாகவும் வளைவுகள் வந்து கூடும் இடத்தில் தெரியும்.

இந்தக் கூர் வளைவைப் பார்க்கப் பாரீஸுக்குப் போக வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் கோத்திக்குக்கு ஒரு மறுவாழ்வு கிடைத்தது. அந்த அலையில் கட்டியதுதான் சென்னை சாந்தோம் பேராலயம். புதுச்சேரி இருதய ஆண்டவர் பேராலயமும் அதே பாணிதான். ஜன்னல்களின் மேல்பக்கத்தைக் கவனித்தால் போதும்.

கல் கூரையும் விலா எலும்புகளும்

வளைவு ஒரு கோடு. அதை நீட்டிப் பரப்பினால் கூரையாகிறது. அதை ‘வளைகூரை’ என்போம். நோத்ர தாமின் நடுக்கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் வளைகூரை பகுதி பகுதியாகப் பிரிந்திருப்பது தெரியும். ஒவ்வொரு பகுதியிலும் மூலைவிட்டமாகவும் குறுக்காகவும் கல் வரம்புகள் ஓடி, நடுவில் ஓர் இடத்தில் கூடுகின்றன. அந்த வரம்புகளுக்குப் பெயர் ‘விலா’. இங்கே ஒரு பகுதிக்கு ஆறு துண்டுகள் வருகிற மாதிரி விலாக்கள் போகின்றன. கொஞ்சம் பிந்திக் கட்டிய பேராலயங்களில் நான்குதான் இருக்கும்.

கட்டும் முறை இப்படி. முதலில் மரத்தால் சென்ட்ரிங் அடிப்பார்கள். அதன் மேல் விலாக் கற்களை அடுக்குவார்கள். விலா நின்ற பிறகு, இடையில் உள்ள முக்கோணப் பரப்புகளை மெல்லிய கற்களால் மூடுவார்கள். மொத்தக் கூரைக்கும் ஒரே நேரத்தில் சென்ட்ரிங் தேவைப்படாது. ஒரு பகுதி முடிந்ததும் மரத்தைக் கழற்றி அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகலாம். கூரையும் லேசாக இருக்கும். பல இடங்களில் அதன் தடிமன் ஒரு சாண்கூட இல்லை.

விலாதான் மொத்தக் கூரையையும் தாங்குகிறது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். சாந்து இறுகிய பிறகு வளைந்த பரப்பே தன்னைத் தாங்கிக்கொள்ளும் வலு பெற்றுவிடுகிறது. இந்த வடிவத்தின் முக்கியமான பலன் வேறு. கூரையின் எடையும் உதைப்பும் சுவர் நெடுகப் பரவாமல், வளைவுகள் வந்து இறங்கும் சில புள்ளிகளுக்கு மட்டும் போய்ச் சேர்கின்றன. உதைப்பு எங்கே வரும் என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அங்கே மட்டும் முட்டுக் கொடுத்தால் போதும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். கல் அழுத்தம் தாங்கும், இழுப்பு தாங்காது. ஆகவே வளைவு. வளைவு வெளியே உதைக்கும். கூராக்கினால் உதைப்பு குறையும். வளைகூரையின் வடிவம் மீதி உதைப்பைச் சில புள்ளிகளில் குவிக்கும். முட்டுக் கொடுப்பது மட்டும் பாக்கி.

வெளியே நிற்கும் முட்டு

செய்ன் ஆற்றின் தென்கரையிலிருந்தோ பின்பக்கத்துப் பாலத்திலிருந்தோ எடுத்த நோத்ர தாம் படம் எதையாவது பாருங்கள். கட்டடத்தைச் சுற்றிலும் சாய்வான கல் கைகள் மேலேறிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இவற்றுக்குப் ‘பறக்கும் முட்டு’ என்று பேர். ஆங்கிலப் பேரான ஃபிளையிங் பட்ரஸைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இவை ஏன் பறக்க வேண்டும்? நோத்ர தாமின் நடுக்கூடத்துக்கு இரு பக்கமும் தாழ்வான பக்கக் கூடங்கள் இருக்கின்றன, பக்கத்துக்கு இரண்டு. நடுக்கூடத்தின் கூரை உதைப்பது உயரத்தில், பக்கக் கூடங்களின் கூரைக்கெல்லாம் மேலே. அங்கே நேரடியாகத் தடிமன் சுவர் வைத்தால், அது பக்கக் கூடத்தின் நடுவில் வந்து நின்றுவிடும். அதனால் கனமான தூணை வெளியே, கட்டடத்தின் ஓரத்தில் நிறுத்தி, அங்கிருந்து பக்கக் கூடங்களுக்கு மேலாக ஓர் அரை வளைவை அனுப்பி, உதைப்பு வரும் புள்ளியில் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். உதைப்பு அந்தக் கல் கை வழியாக இறங்கி வெளித்தூணுக்குப் போய், அங்கிருந்து தரைக்குள் போகிறது. பீடப் பகுதியைச் சுற்றியுள்ள முட்டுகள் சுமார் 15 மீட்டர் தாண்டுகின்றன. 14ஆம் நூற்றாண்டில் இவற்றைக் கட்டியவர் ழான் ராவி.

வெளித்தூணின் தலையில் குட்டிக் கோபுரம் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அழகுக்கு வைத்தது போலத் தெரியும். அதன் எடை தூணைக் கீழ்நோக்கி அழுத்துவதால், பக்கத்தில் வரும் உதைப்பு தூணைச் சாய்த்துவிட முடியாது. முட்டுக் கொடுக்க வந்தவர் கனமான ஆளாக இருந்தால் நல்லதுதானே.

முட்டின் மேல்பக்கத்தையும் வீணாக்கவில்லை. அங்கே ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். உயரக் கூரையில் விழும் மழைநீர் அந்த வாய்க்கால் வழியாக இறங்கி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விலங்கு முகத்தின் வாய் வழியாகச் சுவரைத் தொடாமல் தூரப் போய் விழும். சுண்ணாம்புக் கல்லுக்கு ஓயாமல் வழியும் நீர் நல்லதில்லை. அந்த விலங்கு முகங்கள்தான் கார்காயில்கள்.

சுவரின் வேலை போனதும் வந்த வெளிச்சம்

முட்டுகள் உதைப்பை வாங்கிக்கொண்ட பிறகு, இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள சுவருக்கு அநேகமாக வேலையே இல்லை. அந்த இடத்தைக் கண்ணாடியால் மூடிவிடலாம். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது இதனால்தான்.

ஆனால் நோத்ர தாம் கட்டத் தொடங்கியபோது கொத்தனார்களுக்கு இந்தத் துணிச்சல் முழுதாக வரவில்லை. முதலில் மேல் ஜன்னல்கள் சிறியவை. உள்ளே போதுமான வெளிச்சம் இல்லை. 1220-களில் வேலையை மறுபடி கையில் எடுத்து, அந்த ஜன்னல்களைக் கீழ்நோக்கி நீட்டிப் பெரிதாக்கினார்கள். முடித்த சுவரை இடித்து ஜன்னல் பெரிதாக்குகிறார்கள் என்றால், நடுவே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அப்புறம் 1250-களில், நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் குறுக்குக் கூடத்தின் வடக்கு, தெற்கு முனைகளை ழான் து ஷெல், பியேர் து மோந்த்ரேய் ஆகியோர் கட்டியபோது, சுமார் 13 மீட்டர் குறுக்களவுள்ள வட்ட ஜன்னல்களையே வைத்துவிட்டார்கள். மேற்கு முகப்பில் முப்பது வருஷம் முன்பு வைத்த வட்ட ஜன்னல் 10 மீட்டருக்கும் குறைவு.

இரண்டு கூரைகள்: எரிந்தது எது

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கல் வளைகூரை மழைக்கு ஆகாது. மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், தண்ணீர் தேங்கும், சாந்து ஊறும். அதனால் அதற்கு மேலே சரிவான இன்னொரு கூரை வேண்டும். அதை மரத்தால் செய்து, மேலே ஈயத் தகடு போர்த்தினார்கள். உள்ளே நிற்பவருக்குக் கல் கூரை மட்டும் தெரியும். வெளியே நிற்பவருக்கு ஈயக் கூரை மட்டும் தெரியும். இரண்டுக்கும் நடுவே சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு, 10 மீட்டர் உயரத்துக்கு ஓக் மரச் சட்டங்கள் நிறைந்த ஓர் இருட்டு அறை. அங்கே இருந்த மரங்களைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் அதற்குக் ‘காடு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெரும்பகுதி 12, 13ஆம் நூற்றாண்டு மரம்.

2019-ல் எரிந்தது அந்தக் காடு. ஈயம் உருகியது. கூரையின் நடுவில் நின்ற 96 மீட்டர் ஊசிக்கோபுரமும் மரமும் ஈயமும்தான். அது ஒடிந்து விழுந்து, நடுவில் இருந்த கல் வளைகூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. நடுக்கூடத்திலும் வடக்குக் குறுக்குக் கூடத்திலும்கூட ஓட்டைகள் விழுந்தன. மற்ற இடங்களில் அந்த மெல்லிய கல் கூரை, தன் மேல் எரிந்து விழுந்த மரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டது. கீழே இருந்த பெரிய ஆர்கன் இசைக்கருவியும் பல கலைப்பொருள்களும் பிழைத்தது அதனால்தான். தீ வடக்குக் கோபுரத்துக்குள்ளும் போனது. அங்கே மணிகள் தொங்குவது மரச் சட்டத்தில். அது எரிந்து மணிகள் விழுந்திருந்தால் கோபுரமே தாங்கியிருக்காது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே ஏறி அதை அணைத்தார்கள்.

ஆக, மரக் கூரை மழையைத் தடுத்தது, கல் கூரை நெருப்பைத் தடுத்தது. கல் எரியவில்லை, மரம் எரிந்தது.

தீக்குப் பிறகு வந்த பயம்

தீ அணைந்த பிறகு ஒரு வேலை நடந்தது. செய்திகளில் அதிகம் வரவில்லை. 28 பறக்கும் முட்டுகளின் அடியில் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து மரச் சென்ட்ரிங் செய்து பொருத்தினார்கள். முட்டுகளுக்கு ஏன் முட்டு?

சாய்ந்து நின்ற இருவரை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஒருவர் பலமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் நிற்பவர் சட்டென்று நகர்ந்துவிட்டால், முட்டுக் கொடுத்தவர் குப்புற விழுவார். உள்ளே கூரை உதைப்பதும் வெளியே முட்டு தள்ளுவதும் சமமாக இருந்ததால்தான் சுவர் நின்றது. கூரை விழுந்த இடத்தில் உள்ளிருந்து வரும் உதைப்பு இல்லை. மீதிக் கூரையும் விழுந்தால் முட்டுகளே சுவரை உள்ளே தள்ளிச் சாய்த்துவிடலாம். பல நூறு வருஷமாகக் காப்பாற்றியதே கவிழ்த்துவிடும். கோத்திக் கட்டடம் எப்படி நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்ட முடியாது என்பேன்.

தீ ஒரு ரகசியத்தையும் வெளியே காட்டியது. மரம் போன இடங்களில், கற்களை ஒன்றோடொன்று பிடித்துக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகள் வெளியே தெரிந்தன. ஆராய்ந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1160-களிலேயே, அதாவது முதல் நாள்களிலிருந்தே, கொத்தனார்கள் இரும்பைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கல்லுக்கு வராத இழுப்பு வேலையை இரும்பிடம் விட்டிருக்கிறார்கள்.

எந்தப் பகுதிக்கு என்ன வயசு

‘இடைக்காலக் கட்டடம்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுவதால் இன்னொரு குழப்பம் வருகிறது. விழுந்த ஊசிக்கோபுரம் இடைக்காலத்ததே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் ஒன்று இருந்தது. அது பலமிழந்ததால் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கழற்றிவிட்டார்கள். நாம் தொலைக்காட்சியில் பார்த்தது 1859-ல் எழுப்பியது.

நடுவே பேராலயம் பட்ட பாடு கொஞ்சமில்லை. முகப்பில் மூன்று வாசல்களுக்கு மேலே வரிசையாக 28 அரசர் சிலைகள் இருந்தன. விவிலியத்தில் வரும் யூதா நாட்டு அரசர்கள். 1793-ல், புரட்சியின்போது, பிரெஞ்சு அரசர்கள் என்று நினைத்து அவற்றின் தலைகளை வெட்டினார்கள். 1977-ல் பாரீஸில் ஒரு கட்டடத்தில் வேலை நடந்தபோது 21 தலைகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. இப்போது அவை க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகப்பில் இன்று நிற்பவை 19ஆம் நூற்றாண்டில் செய்தவை.

நெப்போலியன் 1804-ல் முடிசூட்டிக்கொண்டது இங்கேதான். அப்போதே கட்டடம் பாழடைந்த நிலையில் இருந்தது. 1831-ல் விக்டர் ஹ்யூகோ இந்தப் பேராலயத்தை நடுவில் வைத்து எழுதிய நாவல் மக்களை இதன் பக்கம் திருப்பியது. 1844-ல் லாஸ்ஸு, வியோலே லெ துக் என்ற இரு கட்டடக் கலைஞர்களிடம் சீரமைப்பு ஒப்படைக்கப்பட்டது. லாஸ்ஸு 1857-ல் இறந்ததும் வியோலே லெ துக் தனியே முடித்தார். ஊசிக்கோபுரம் அவருடையது. மேலே மாடத்தில் கன்னத்தில் கை வைத்துப் பாரீஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொம்பு வைத்த உருவமும் அவர் காலத்ததே. படங்களில் அதற்கு ‘இடைக்காலக் கார்காயில்’ என்று போடுகிறார்கள். அதன் வாயிலிருந்து தண்ணீர் வராது. இவ்வகை உருவங்களுக்குக் கிமேரா என்று தனிப் பெயர்.

ஊசிக்கோபுரத்தைச் சுற்றி 16 செப்புச் சிலைகள் வைத்திருந்தார்கள். 15 பேர் நகரத்தைப் பார்க்க, புனித தோமா மட்டும் திரும்பி ஊசிக்கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். சென்னையில் சாந்தோம் யார் பேரில் இருக்கிறதோ, அதே தோமா. ஐரோப்பாவில் அவரைக் கட்டடம் கட்டுகிறவர்களின் பாதுகாவலராக வணங்குகிறார்கள். அந்தச் சிலைக்கு இருப்பது வியோலே லெ துக்கின் முகம். சீரமைப்புக்காக 16 சிலைகளையும் தீ விபத்துக்கு நான்கு நாள் முன்பு இறக்கியிருந்தார்கள். அப்படியே தப்பின.

தீக்குப் பிறகு, இருந்தபடியே கட்டுவது என்று 2020-ல் முடிவானது. பிரான்ஸ் முழுக்கக் காடுகளிலிருந்து ஓக் மரங்கள் வந்தன. நடுக்கூடத்து மரச் சட்டங்களைத் தச்சர்கள் பழைய முறைப்படி கோடாலியால் செதுக்கினார்கள். விழுந்த வளைகூரைகளைச் சென்ட்ரிங் அடித்து, விலா வைத்து, கல்லால் மூடினார்கள். 2024 டிசம்பர் 7-ல் பேராலயம் திறந்தது. ஊசிக்கோபுரமும் மரக் கூரையும் புதியவை. வளைகூரையில் சில பகுதிகள் புதியவை. மற்றதெல்லாம் மொரீஸ் து சுல்லி காலத்திலிருந்து வேலை செய்த கொத்தனார்களும் வியோலே லெ துக்கும் விட்டுப்போனவை.

உள்ளே போகக் கிடைத்தால், நடுக்கூடமும் குறுக்குக் கூடமும் சேரும் இடத்தருகே மேல் ஜன்னல்களைப் பாருங்கள். அங்கே சில இடங்களில் மட்டும் ஜன்னல் சிறிதாக இருக்கும், கீழே சின்ன வட்டத் திறப்பு ஒன்று இருக்கும். 1220-களில் இடித்துப் பெரிதாக்குவதற்கு முன் எல்லா ஜன்னல்களும் அப்படித்தான் இருந்தன. வியோலே லெ துக் அங்கே மட்டும் பழைய வடிவத்தைத் திரும்ப வைத்தார். பக்கத்துப் பெரிய ஜன்னலையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், பறக்கும் முட்டின் மேல் நம்பிக்கை வருவதற்கு முன்பும் பின்பும் எவ்வளவு வெளிச்சம் என்பது தெரியும்.